கார்டு அடிச்ச தூதருக்கு

வாடா கண்ணு, உக்காரு. ஆலைக்கொட்டாயில சட்டைய அழுக்காக்கிக்காத, அந்த வெள்ளச் சட்டைதானே உன்ற மூலதனம்! 'ஒருங்கிணைப்பாளர்'னு கார்டு அடிச்சிருக்கியாமே. எதை எதோட ஒருங்கிணைக்கறேன்னு அப்பாரு கேக்க மாட்டன். மெட்ராசுல பெரிய எடத்துல ஆளிருக்குன்னு ஜேடர்பாளையம் பூராச் சொல்லிட்டுத் திரியறயாமே, சந்தோசம். தொழில்ல எறங்கிட்ட, உன்ற முன்னோடியத் தெரிஞ்சுக்க வேண்டாமா?

பேரு ரிப்போ. பிரெஞ்சுக்காரன். 1797ல பாய்மரம் ஒடைஞ்ச கப்பலோட மங்களூர்ல ஒதுங்குனான். வேற ஒருத்தனா இருந்தா தச்சனத் தேடியிருப்பான். இவன் திப்பு சுல்தான்கிட்டப் போயி, 'நான் பிரெஞ்சுச் சர்க்காரு தூதன், மொரீசியசுல பத்தாயிரம் சிப்பாய் உங்களுக்காகக் கப்பலேறத் தயாரா நிக்கறாங்க'ன்னான். கப்பல் ரிப்பேருக்கு வந்தவன் கண்ணு!

சுல்தான் ஏமாளியில்ல. கிழக்கிந்தியக் கும்பினிகூடப் போட்ட 1792 ஒப்பந்தத்துல பாதி நாடு போச்சு, மூணு கோடியே முப்பது லட்சம் தண்டம், பெத்த புள்ளைக ரெண்டு பேரு பிணை. நம்ம சேலம், நாமக்கல், சங்ககிரியெல்லாம் அப்பத்தான் கும்பினிக்குப் போனது. அப்ப காவேரிக்கு இந்தக் கரையில நாம கும்பினிக்குக் கிஸ்தி கட்டுனோம். ஆத்துக்கு அந்தாண்ட, ஈரோட்டுப் பக்கம், திப்புவோடது. 1787லயே நிசமான தூதுக்குழுவப் பாரீசுக்கு அனுப்பிப் பாத்தவரு. 1788ல பதினாறாம் லூயி மரியாதை பண்ணுனான், படை குடுக்கல. அஞ்சு வருசத்துல அந்த ராசாவோட தலையே போயிருச்சு. அப்படி நொந்து கெடக்கறவரு காதுல 'படை வருது'ன்னா எப்படி இருக்கும்? மந்திரிமாருக இவன் டுபாக்கூர்னு சொல்லிப் பாத்தாங்க. எடுபடல.

ஸ்ரீரங்கப்பட்டணத்துல புரட்சிச் சங்கம் வேற வெச்சானாம். சுதந்திர மரம்னு நட்டு, அது உச்சியில குல்லா மாட்டி, ராசாக்களையெல்லாம் ஒழிப்போம்னு சத்தியம். சுல்தான் ஒருத்தரத் தவிர! அவருக்குக் 'குடிமகன் திப்பு'ன்னு பட்டம். இன்னைக்கு நம்மூர்ல அப்படிக் கூப்புட்டுப் பாரு, சாயங்காலம் கடை வாசல்ல நிக்கறவன்தான் திரும்புவான். இதெல்லாம் கும்பினிக்காரன் பின்னால அச்சுப் போட்ட காகிதத்துல இருக்கறது, பாதியத் தள்ளிட்டுக் கேளு.

சுல்தானோட ஆளுக 1798 சனவரியில மொரீசியசு போயி எறங்குனா, பத்தாயிரத்துல ஒருத்தனக் காணோம். ரகசியமாப் போன காரியம். அந்தத் தீவு கவர்னர் மலார்த்திக், 'திப்புவுக்கு ஆளு வேணும், வர்றவங்க வாங்க'ன்னு பகிரங்கமா அறிக்கை போட்டுட்டாரு. தேறுனது நூறு பேரு சுமாரு. அறிக்கை கல்கத்தாப் பேப்பர்ல வந்துருச்சு. சாக்குத் தேடிட்டிருந்த கும்பினிக் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லிக்கு அது போதாதா? 1799 மே 4, ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டை விழுந்துச்சு, சுல்தான் செத்தாரு. எதிர்க்கரையும் கும்பினிக்காச்சு.

ரிப்போவா? அவன் அன்னைக்கு அங்க இல்லவே இல்ல.

அங்கதான்டா நீ பாடம் படிக்கோணும். 'ஆளிருக்கு'ன்னு சொல்லு, எத்தனை ஆளுன்னு சொல்லாத. சொல்லித் தொலைச்சா, எண்ணிப் பாக்க வர்றதுக்குள்ள கப்பலேறிரு. அதிகாரிகூட நின்ன போட்டோவ பேஸ்புக்ல போட்டயாமே? அது மலார்த்திக் வேலை, ரிப்போ செய்ய மாட்டான்.

செரி, கெடக்கட்டும். பாகு எறங்குது, ஒரு துண்டு வெல்லம் தின்னுட்டுப் போ. ஆமா… ராஜா வாய்க்கால்ல முன்கூட்டியே தண்ணி உட வெக்கறேன்னு டீக்கடையில சொன்னியாமே? நெசமாவா? கரும்பு காயுது கண்ணு. அந்தக் கார்டுல ஒண்ணு இப்படிக் குடு பாக்கலாம்.