பண்டமாரான் வட்டாரத்தில் விற்கப்பட்ட கீபோர்டுகள்: ஒரு பூர்வாங்க ஆய்வு

தொலைந்துபோன இசைக்கருவியைப் பற்றி எழுதுவது தமிழுக்குப் புதிதல்ல. சுவாமி விபுலானந்தர் பல ஆண்டு உழைத்து 1947இல் ‘யாழ் நூல்’ வெளியிட்டார். சிலப்பதிகாரத்தையும் கணக்கையும் துணையாக வைத்துக்கொண்டு, உயிரோடிருக்கும் எவரும் கேட்டிராத கருவிக்கு நரம்பு கட்டினார். ஆனால் பாணர்கள் தங்கள் யாழை யாரிடம் விற்றார்கள், என்ன விலைக்கு விற்றார்கள், விற்ற மறுவாரம் எப்படிப் புலம்பினார்கள் என்ற கேள்விகளுக்கு அந்நூலில் விடை இல்லை. சிந்தசைசருக்கும் டிரம் மெஷினுக்கும் அதே கதி வந்துவிடக்கூடாது என்ற கவலையே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

ஆய்வுக் களம் மலேசியாவின் பண்டமாரான். நெருக்கடிகாலப் புதுக்கிராமங்களில் ஒன்றாகத் தொடங்கி, இன்று கிள்ளானுக்கும் துறைமுகத்துக்கும் நடுவே பரந்து கிடக்கும் ஊர். வெளியூர்க்காரர்கள் இங்கே பாக் குட் தே தேடி வருவார்கள். ஆய்வாளன் மாமாக் கடை தேடி வரவேண்டும், அதுவும் இரவு பத்து மணிக்கு மேல். தகவலாளிகள், எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கல்யாண டேவான்களிலும் கோவில் திருவிழாக்களிலும் வாசித்த அண்ணன்மார். பகலில் லோரி ஓட்டியவர்கள், துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள், காப்புறுதி விற்றவர்கள். ஒரு தே தாரிக்கை முன்னால் வைத்து, “அண்ணே, அப்ப என்ன கீபோர்டு வெச்சிருந்தீங்க?” என்று கேட்டால் போதும். இரண்டாவது கேள்விக்கு இடம் கிடைக்காது.

முதலில் புலப்பட்ட உண்மை: எவரும் தம்மிடம் இப்போது இருக்கும் கருவியைப் பற்றிப் பேசுவதில்லை. கட்டிலுக்கடியில் உறை போட்டுக் கிடக்கும் கீபோர்டு வெறும் சாமான். கைமாறிப் போனதுதான் கீபோர்டு. நம் ஊர்களில் மதுரை வீரனும் காத்தவராயனும் செத்த பிறகுதானே சாமியானார்கள்? ரோலண்ட் கம்பெனியின் டிஆர்-808 டிரம் மெஷினின் கதையும் அதுவே. 1980இல் வந்தது, ஏறத்தாழ 12,000 பெட்டிகள் செய்தார்கள், 1983இல் நிறுத்திவிட்டார்கள். இருந்தபோது, உண்மையான டிரம் போலவே இல்லை என்று குறை சொன்னார்கள். போன பிறகு உலகமே கும்பிடுகிறது. பம்பாயில் சினிமாப் பாட்டுகளுக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், அதே 808ஐயும் டிபி-303, ஜூபிட்டர்-8 என்ற சிந்தசைசர்களையும் வைத்து, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து 1982இல் ஒரு இசைத்தட்டு போட்டார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2010இல் அது மறுபடி வெளியானபோதுதான் வெள்ளைக்காரர்கள் வாய் பிளந்தார்கள். பண்டமாரானில் இதைச் சொன்னால் ஆச்சரியப்பட மாட்டார்கள். “நாங்களும் அப்பவே செஞ்சோம் தம்பி, ரெக்கார்டு பண்ணல, அவ்வளவுதான்” என்பார்கள்.

இரண்டாவது உண்மை இன்னும் நுட்பமானது. தகவலாளிகளின் நினைவில் பெயர் நிற்பதில்லை, எண் நிற்கிறது. எந்தக் கல்யாணத்தில் வாசித்தோம், மாப்பிள்ளை யார், மழை வந்ததா, ஒன்றும் தெரியாது. யமஹா டிஎக்ஸ்7இல் எலெக்ட்ரிக் பியானோ எந்த எண் என்று கேளுங்கள். கேள்வி முடிவதற்குள் “பதினொன்னு” வரும். சரியான விடை. 1983இல் வந்த அந்தக் கருவியின் நினைவகத்தில் 32 டோன்கள் இருக்கும். 31ஆவது ரயில், 32ஆவது விமானம் கிளம்பும் ஓசை, 29ஆவது ரெஃப்ரியின் விசில். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சவுனிங் 1967இல் கண்டுபிடித்த எஃப்.எம். முறை, ஜப்பானில் சில்லுக்குள் அடங்கி, கடைசியில் கிள்ளான் கல்யாணத்தில் கேக் வெட்டும் நேரத்துக்கு வந்து சேர்ந்தது. ரயில் ஓசைக்கு வேலை வந்ததாக யாரும் சொல்லவில்லை. ரெஃப்ரி விசிலை மட்டும், பந்திக்கு முண்டியடித்த கூட்டத்தை நிறுத்தப் பயன்படுத்தியதாக ஒருவர் சாதிக்கிறார். இதை நம்புவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

நம்ப முடியாத கூற்றுகளில் தலையாயது, “டோன் எல்லாம் நானே செஞ்சது” என்பது. டிஎக்ஸ்7இல் புது டோன் செய்வது எவ்வளவு கொடுமை என்று உலகறியும்: தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு திரை, ஒரே ஒரு நகர்த்தி, நூற்றுக்கு மேற்பட்ட அளவுகள். பெரும்பாலோர் கம்பெனி கொடுத்த டோன்களையே வாசித்தார்கள். எனினும் பண்டமாரானில் எல்லோரும் சொந்தமாகச் செய்திருக்கிறார்கள், எல்லோருடையதும் அழிந்துவிட்டது. நினைவகத்தைக் காக்கும் பேட்டரி உள்ளே பற்றவைக்கப்பட்டிருக்கும், அது செத்தால் செய்தவையெல்லாம் போகும். கடலில் கரைந்த ஏடுகளைப் பற்றித் தமிழறிஞர்கள் பேசும் அதே குரலில் அண்ணன்மார் அந்த பேட்டரியைப் பற்றிப் பேசுகிறார்கள். எப்போதும் ஆகச் சிறந்ததுதான் அழிந்திருக்கிறது.

நாதஸ்வரப் பிரச்சினையைத் தனியே சொல்ல வேண்டும். 1991இல் கம்பெனிகள் கூடிப் பேசி, ஜெனரல் மிடி என்ற பொது ஒழுங்கில் 128 ஒலிகளுக்கு எண் கொடுத்தன. 126 ஹெலிகாப்டர், 127 கைதட்டல், 128 துப்பாக்கிச் சூடு. நாதஸ்வரமும் இல்லை, தவிலும் இல்லை. 112இல் ஷெனாய் மட்டும் இருந்தது. ஆகவே இந்த வட்டாரத்தில் எத்தனையோ தாலி, காசிப் பக்கத்து ஊதலுக்கும் 117ஆம் எண் ஜப்பானிய டைக்கோ முரசுக்கும் நடுவே ஏறியிருக்கிறது. அந்தத் தம்பதிகள் நன்றாகவே வாழ்கிறார்கள்.

தாளத்துக்கு வருவோம். டிரம் மெஷினை ஜப்பான்காரன் கண்டுபிடித்தான் என்பதை இக்கட்டுரை முழுதாக ஏற்கவில்லை. தீபாராதனை நேரத்தில் சுவிட்சைத் தட்டினால் மோட்டார் சுழன்று முரசையும் மணியையும் சேங்கண்டியையும் அடிக்கும் கோவில் இயந்திரத்தை என்னவென்று சொல்வது? அதில் ஒரே தாளம்தான், வேகம் மாற்றும் திருகு கிடையாது, அடகு வைக்கவும் முடியாது. இக்குறைகளைப் பொருட்படுத்தாவிட்டால் அதுவும் டிரம் மெஷினே.

இசைக்குழுக்களில் டிரம் மெஷின் நுழைந்த காரணம் ஒலி அல்ல, இலை. இசைக்குழுவைக் கூப்பிட்டால் அத்தனை பேருக்கும் சாப்பாடு போடவேண்டும். தபேலா ஒரு இலை, டோலக் ஒரு இலை, காங்கோ ஒரு இலை, டிரம்மர் ஒன்றரை இலை. 1985இல் ரோலண்ட் ஆக்டாபேட் வந்தது. முதலில் வந்தது தானாக ஒலிக்காது, வேறொரு பெட்டியோடு இணைக்கவேண்டும். பிறகு வந்தவை தபேலா முதல் சகலத்தையும் வயிற்றிலேயே வைத்திருந்தன. எட்டுச் சதுரம், ஒரு ஆள், ஒரு இலை. கல்யாண வீட்டாருக்கு மிச்சம், வேனில் இடமும் மிச்சம். வேலை போன டிரம்மர்கள் ஆக்டாபேடைத் திட்டினார்கள், பிறகு வட்டிக்கு வாங்கி அதையே தட்டினார்கள். இன்று மைனஸ் ஒன் பாட்டும் பாடகரும் மட்டும் வருகிறார்கள். பாடகர் டயட்டில் இருக்கிறார். இலைக் கணக்கில் இசைக்கலை இதற்குமேல் சுருங்க வழியில்லை. உறுமி மேளம் ஒன்றுதான் இந்தக் கணக்குக்கு மசியவில்லை. உறுமியின் உறுமலைப் பெட்டியில் போட்டுத் தட்டினால் தெருவே சிரிக்கும்.

1992இல் ரஹ்மானின் ‘ரோஜா’ வந்தது குழுக்களுக்கு வேறு வகைச் சோதனை. இளையராஜா பாட்டை எடுத்தால் வயலின்காரர்கள் பற்றாது, ஆனால் காது இருந்தால் சுரத்தைப் பிடித்துவிடலாம். ரஹ்மான் பாட்டில் சுரம் கையில் இருந்தும் டோன் கையில் இல்லை. அது கோடம்பாக்கத்தில் அவர் வீட்டுப் பின்கட்டு ஸ்டூடியோவில் இருந்தது. அந்தக் குடும்பத்தின் பழைய கதையும் இந்த ஆய்வுக்குத் தொடர்புள்ளதே. 1976இல் தந்தை ஆர்.கே. சேகர் மறைந்தபின் குடும்பம் அவருடைய கருவிகளை வாடகைக்கு விட்டுப் பிழைத்தது. விற்கவில்லை என்பதைக் கவனிக்கவும். பண்டமாரானில் இந்தச் செய்தியைச் சொன்னபோது மேசையில் சற்று நேரம் பேச்சு நின்றது. பிறகு ஒருவர், “நம்மகிட்ட யாரு வாடகைக்குக் கேட்டா?” என்றார்.

ஏன் விற்றார்கள்? அண்ணன்மாரின் வாக்குமூலப்படி, வீட்டுக்காரி சொன்னதால். பிள்ளைப் பள்ளிக் கட்டணம், கார் மாதத் தவணை, தங்கை கல்யாணம். ஒரே சாட்சியை நம்பி ஆய்வு செய்யக்கூடாது என்பதால் அக்காமாரையும் விசாரித்தோம். அவர்கள் சொல்லும் வரலாறு இப்படி: டிஎக்ஸ்7ஐ விற்றது 1987இல் வந்த ரோலண்ட் டி-50 வாங்க, டி-50ஐ விற்றது 1988இல் வந்த கோர்க் எம்1 வாங்க, எம்1ஐ அடகு வைத்தது எதற்கு என்று இன்றுவரை தெரியாது. தேதிகள் கருவிகளின் வரலாற்றோடு அச்சாகப் பொருந்துவதால் அக்காமாரின் பாடமே சுத்தபாடம் என்று கொள்ளலாம். விலையில் மட்டும் இரு தரப்பும் ஒத்துப்போகவில்லை. வாங்கிய விலை ஒவ்வொரு தே தாரிக்குக்கும் ஏறுகிறது, விற்ற விலை இறங்குகிறது.

கடைசியாக ஒரு பரிசோதனை. டிஎக்ஸ்7இன் ஒலியை அப்படியே தரும் மென்பொருள் இன்று இலவசம். மடிக்கணினியில் அதை ஏற்றி, சிறிய கீபோர்டை இணைத்து, பதினொன்றாம் எண்ணைப் போட்டு ஒருவர் முன்னால் வைத்தோம். கண்ணை மூடி நாலு கார்ட் பிடித்தார். “அது வேற தம்பி” என்று எழுந்துவிட்டார். எது வேறு என்று கேட்டதற்கு, அதில் ஒரு கட்டை வேலை செய்யாது என்றார்.

இந்த ஆய்வைத் தொடர விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கீபோர்டுக்காரரையும் பழைய டிரம்மரையும் ஒரே மேசையில் உட்கார வைக்காதீர்கள். டிரம் மெஷினை முதலில் குழுவுக்குள் கொண்டுவந்தது யார் என்ற கேள்வி முப்பது ஆண்டாக அங்கே தீரவில்லை. கடைக்காரர் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கும்வரை பில்லும் வராது, வந்தால் நீங்கள்தான் கட்டவேண்டும்.