மணலுக்கும் ஃபீஸா கண்ணு?

வா கண்ணு, உக்காரு. மொகத்தைப் பாத்தாலே தெரியுது, எங்கியோ ஃபீஸ் கட்டிப்போட்டு வந்திருக்கே. எவ்வளவு? சொல்ல வேண்டாம் உடு. கெழட்டு மாட்டை வாங்கி ஏமாந்தவனும் வெலையைச் சொல்ல மாட்டான்.

என்ற மவன் ஊட்டுலயும் இதே கூத்துத்தான். பெங்களூரு வைட்ஃபீல்டுல பதினொண்ணாம் மாடி. சத்தியமங்கலத்துத் தோட்டத்தைக் குத்தகைக்கு உட்டுப்போட்டு, பேத்தியோட இருக்கலாம்னு வந்தேன். வந்து பாத்தா அவகிட்டப் பேசவே முன்கூட்டிச் சொல்லி வெக்கோணும். திங்கக்கெழமை ஃபோனிக்ஸ். செவ்வாய் கையெழுத்து கிளாஸ். புதன் பப்ளிக் ஸ்பீக்கிங். வெள்ளி கிரியேட்டிவ் ரைட்டிங். வியாழக்கெழமை ஒண்ணுமில்லையான்னு கேட்டேன். அன்னைக்கு ரெஸ்ட்டாம். ஏழு வயசுப் புள்ளைக்கு ரெஸ்ட்டு! எனக்கே எழுபத்தஞ்சுலதான் குடுத்தாங்க.

மொத்தத்துக்கும் சேத்து லாங்குவேஜ் ஆர்ட்ஸ்னு பேரு. நான் ஏதோ கோலம் போடச் சொல்லித் தர்றாங்கன்னு இருந்துட்டேன். மருமகதான் வெளக்குச்சு. “அதில்லீங் மாமா, கேக்கறது, பேசறது, படிக்கறது, எழுதறது. நாலு ஸ்கில்லுங்.” நாலாமா! நம்மூர்ல கேக்கறதுக்குத் திண்ணை இருந்துச்சு. பேசறதுக்குச் சந்தை இருந்துச்சு. படிக்கறதுக்கும் எழுதறதுக்கும் மட்டுந்தான் வாத்தியாருக்கு நெல்லு அளந்தாங்க. இங்க நாலுக்கும் தனித்தனி ரசீது.

போன மாசம் கூரியர்ல ஒரு பொட்டி வந்துச்சு. பிரிச்சா, ஒரு மரத்தட்டு, ஒரு பாக்கெட் வெள்ளை மணலு. சென்சரி ட்ரேயாம். இதுல வெரலால எழுதுனா எழுத்து மனசுல பதியும்னான் மவன். வெலையைக் கேட்டேன். அந்தக் காசுக்கு ஒரு மூட்டை புண்ணாக்கு வாங்கிப்போடலாம். மணலு எங்கிருந்தப்பா வந்துச்சுன்னேன். இம்போர்ட்டட்டாம். பவானி ஆத்தங்கரையில உருண்டு வளந்த பயல், கப்பல் ஏறி வந்த மணலைக் கொட்டி எனக்கே வித்தை காட்டறான்!

இந்த மணலோட கதை உனக்குத் தெரியுமா? நான் மாடு மட்டும் மேய்க்கலை கண்ணு, ஊர் நூலகத்துலயும் மேஞ்சிருக்கேன். ஆண்ட்ரூ பெல்னு ஒரு ஸ்காட்லாந்துப் பாதிரி. 1789-ல மெட்ராஸ் எழும்பூர்ல பட்டாளத்துக்காரங்களோட அனாதைப் பசங்க பள்ளிக்கூடத்தைப் பாத்துக்கிட்டு இருந்தார். ஒருநா நம்ம பொடிசுக கீழ மணலைப் பரப்பி வெரலால எழுதறதைப் பாத்துப்போட்டார். அட, சிலேட்டு வேண்டாம், காயிதம் வேண்டாம், தப்புன்னா தடவி உட்டாப் போச்சு! ஓடிப்போய்த் தன் பள்ளிக்கூடத்துலயும் அப்பிடியே செய்யச் சொன்னார். அங்கிருந்த வாத்தியாருக நெளிஞ்சாங்க. இவர் சளைக்கலை. எட்டு வயசுப் பையன் ஒருத்தனையே சின்னதுகளுக்குச் சொல்லிக்குடுக்க வெச்சார். நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை வேலைதான். 1797-ல இதையே லண்டன்ல புஸ்தகமாப் போட்டார். சீமையெல்லாம் ‘மெட்ராஸ் சிஸ்டம்’னு கொண்டாடுனாங்க. செயின்ட் ஆண்ட்ரூஸ்ல அவர் பணத்துல எழும்புன பள்ளிக்கூடத்துக்கு இன்னைக்கும் மெட்ராஸ் காலேஜ்னுதான் பேரு.

ஆக, நம்ம மணலு சீமைக்குப் போச்சு. கோட்டுப் போட்டுச்சு. இப்ப பொட்டிக்குள்ள படுத்துக்கிட்டு உன்ற ஊட்டுக்கு வந்து காசு கேக்குது. நீயும் குடுக்கறே.

ஃபோனிக்ஸே வேண்டாம்னு நான் சொல்லலை. இங்கிலீசுக்கு அது வேணுமாக்கும். நைஃப்னு எழுதறப்ப முன்னாடி ஒரு கே நிக்குது பாரு, சம்பளத்தை வாங்கிக்கிட்டு வேலையே செய்யாத ஆளாட்ட. அந்தப் பாஷையில எது பேசும், எது பேசாதுன்னு யாராச்சும் சொல்லித்தான் தரோணும். நம்ம தமிழு அப்பிடியில்லை. ஆனா இதுலயும் ஒரு சூட்சுமம் இருக்குது. தமிழுக்கு ஒரே க. கடலுக்கு ஒரு சத்தம், தங்கத்துக்கு ஒண்ணு, பகலுக்கு இன்னொண்ணு. கன்னடத்துக்காரன் கெட்டிக்காரன், சத்தத்துக்குச் சத்தம் தனி எழுத்து வெச்சுக்கிட்டான். நாம எப்பிடிச் சமாளிக்கிறோம்? காதால. அப்பத்தா “என்ற தங்கம்”னு ஆயிரந்தடவை கொஞ்சிக் கேட்ட புள்ளை, அந்த எழுத்தைப் பாத்ததும் சரியாப் படிச்சுப்போடும். கேக்காத புள்ளை ‘தன்க்கம்’னு கல்லைக் கடிக்கும். இப்பச் சொல்லு, உன்ற ஊட்டுல புள்ளையைத் தங்கம்னு கூப்பிட ஆளு இருக்குதா? இல்லை, அதுக்கும் ஆப்பு இருக்குதா?

படிக்கறதுன்னா என்னன்னு நீ நெனச்சே? வருசா வருசம் இல்லாட்டியும், 2005-லிருந்து ஏசர்னு ஒரு கணக்கெடுப்பு நடக்குது. கிராமத்துக்குப் போய், ஊடு ஊடாப் பூந்து, புள்ளை கையில ஒரு தாளைக் குடுப்பாங்க. எழுத்து, சொல்லு, சின்னப் பத்தி, அப்பறம் ரெண்டாங்கிளாஸ் தரத்துல ஒரு கதை. 2018-ல அஞ்சாங்கிளாஸ் புள்ளைகள்ல ஏறக்கொறையப் பாதிப்பேருதான் அந்தக் கதையைப் படிச்சாங்க. பாவம், கிராமம்னு உச்சுக்கொட்டாதே. என்ற பேத்திகிட்ட ஒரு இங்கிலீசுக் கதையைக் குடுத்தேன். கடகடன்னு படிச்சா. ஸ்டேஷன்ல நிக்காத ரயிலாட்ட. “கதையில என்ன கண்ணு நடந்துச்சு?”ன்னேன். முழிச்சா. “அதுக்கு வேற கிளாஸ் அப்பாரு”ன்னா. காம்ப்ரிஹென்ஷன், அடுத்த டெர்ம்லதானாம்.

இந்த ஆக்டிவிட்டியெல்லாம் புதுசுன்னு நெனைக்காதே. திம்பம் மலை ஏறி அந்தப்பக்கம் எறங்குனா மைசூர்ச் சீமை. அங்க ஹெக்கடதேவனகோட்டைன்னு காட்டோரத் தாலூக்கா. 1995-ல அங்கத்த சர்க்காரு பள்ளிக்கூடத்துல நலி-கலின்னு ஒண்ணை ஆரம்பிச்சாங்க. நலி கலின்னா ஆடிப்பாடிப் படின்னு அர்த்தம். அட்டையை வெச்சுக்கிட்டு, தரையில கூட்டமா உக்காந்து, அவனவன் வேகத்துக்குப் படிக்கறது. பொறவு கர்நாடகம் முழுக்கப் பரவுச்சு. உன்ற ஆக்டிவிட்டி சென்டர்க்காரன் ‘செல்ஃப் பேஸ்டு ஜாய்ஃபுல் லேர்னிங்’னு நோட்டீசு அடிக்கறானே, அதைத்தான். அங்க ஓசி. ஓசிங்கறதால உனக்குத் தெரியலை.

இதே பெங்களூருல 2004-ல ஆரம்பிச்ச பிரதம் புக்ஸ்காரங்க, ஸ்டோரிவீவர்னு வலைத்தளத்துல தமிழு, கன்னடம், இன்னும் எத்தனையோ பாஷையில படக்கதைகளைக் காசில்லாமக் கொட்டி வெச்சிருக்காங்க. மருமககிட்டச் சொன்னேன். “ஃப்ரீங்களா மாமா?”ன்னு மொகத்தைச் சுளிச்சுது.

பாஷைக்கு உங்க ஊர்ல பஞ்சமா? கேட்டுல நிக்கற வாட்ச்மேன் இந்தி. ஊடு கூட்டற அக்கா கோலாரு, தெலுங்கும் கன்னடமும் பேசும். கீரைக்காரம்மா தெனம் “ஊட்டா ஆய்தா?”ன்னு, சாப்பிட்டாச்சான்னு கன்னடத்துல கேட்டுட்டுத்தான் கட்டை எடுத்துக் குடுக்குது. இந்தப் பக்கம் நான் ஒருத்தன். இத்தனை பேருகிட்டயும் பேசாதேன்னு புள்ளையை உள்ள இழுத்துக் கதவைச் சாத்திப்போட்டு, ‘மல்டிலிங்குவல் எக்ஸ்போஷர்’னு தனியாக் காசு கட்டறே. பெரியவங்களுக்குத்தான் பாஷைன்னா சண்டை. அல்சூர் ஏரிப்பக்கம் வள்ளுவர் செலையை 18 வருசம் தொறக்காம மூடியே வெச்சிருந்தாங்களே, மறந்துபோச்சா? 2009 ஆகஸ்டுலதான் அவர் வெளிச்சத்தைப் பாத்தார். அதே மாசம் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரும் சென்னை அயனாவரத்துல நின்னார். கீழ சறுக்கு மரத்துல வெளையாடற பொடிசுகளைப் பாரு. தள்ளி உடறது இந்தியில, திட்டறது கன்னடத்துல, அழுவறது மட்டும் அவனவன் பாஷையில.

போன புதன்கெழமை பப்ளிக் ஸ்பீக்கிங். தலைப்பு, மை பெட். மருமக எழுதிக் குடுத்ததைப் பேத்தி ஒப்பிச்சுக்கிட்டு இருந்தா. நாயி, விசுவாசமாம். ஊட்டுல ஒரு எறும்பு கூட இல்லை. பாதியில வைஃபை புடுங்கிக்குச்சு. திரையில வட்டம் சுத்துது, புள்ளை மொகம் சுருங்குது.

“போனாப் போவுது வா”ன்னு பக்கத்துல உக்கார வெச்சேன். புளியம்பட்டி மாட்டுச்சந்தையில எங்க செவலைக்காளை கவுத்தை அத்துக்கிட்டு டைலர் கடைக்குள்ள பூந்த கதையைச் சொன்னேன். எத்தனை கேள்வி! வாலு எவ்வளவு நீளம்? டைலர் அழுதாரா? மாட்டுக்குச் சட்டை தெச்சாங்களா? அரைமணி நேரம் வாயி மூடலை. அப்பறம் கூட்டற அக்கா வந்துச்சு. அதுகிட்டப் போய் இவளே கதையை ஆரம்பிச்சுப்போட்டா. கொஞ்சம் தமிழு, கொஞ்சம் கன்னடம், கையும் காலும் மீதி. அவ கதையில காளை லிஃப்ட்டுல ஏறிப் பதினொண்ணாம் மாடிக்கு வந்துருச்சு. நான் சொல்லவே இல்லை கண்ணு அதை! வெள்ளிக்கெழமை கிளாசுக்காரன் இதுக்குத்தானே காசு வாங்கறான்?

மவன் வந்தான். கிளாஸ் போச்சான்னு மொறைச்சான். நாங்க ரெண்டு பேரும் அவனைக் கண்டுக்கலை. அப்பத்தான் சந்தையில தரகருக வெலை பேசற வித்தையைச் சொல்லித் தந்துக்கிட்டு இருந்தேன். தோள்துண்டைக் கைமேல போத்திக்கோணும். உள்ள வெரலைப் புடிக்கோணும். அத்தனை ஆயிரம். வாயே தொறக்கக்கூடாது. பக்கத்துல நிக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது.

பேத்தி என்ற துண்டை இழுத்து ரெண்டு பேரு கையையும் மூடுனா. சாக்லேட்டுக்கு வெலை பேசறாளாம். மூணு வெரலைப் புடிச்சா. நான் ஒண்ணைப் புடிச்சேன். தலையை ஆட்டுனா. அப்பனை ஓரக்கண்ணால பாத்துக்கிட்டே, திரும்பவும் மூணையே அமுக்குனா. கடைசியில ரெண்டுல முடிஞ்சுது.