மூன்று பீப்பும் ஒரு ரப்பரும்

பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் ஒரு நாள் எழ மறுத்தால், வீட்டில் முதலில் எழுந்து வருபவர்கள் ஆலோசகர்கள்தான். "வைரஸ்தான், சந்தேகமே இல்லை" என்பார் மாமா. மின்சாரமே நுழையாத பெட்டிக்குள் வைரஸ் எப்படி வேலை செய்யும் என்று யாரும் கேட்பதில்லை. பின்பக்கத்து மின்வழங்கியின் (எஸ்.எம்.பி.எஸ்.) சுவிட்ச் அணைந்தே கிடக்கும்.

கம்ப்யூட்டரோ ஊமையல்ல. 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி. காலத்திலிருந்தே, திரையில் எதுவும் தெரியும் முன்பு தன்னைத் தானே சோதித்துக்கொண்டு, கோளாறு இருந்தால் பீப் அடித்துச் சொல்கிறது. இந்தச் சோதனையை நடத்தும் பயாஸ் மென்பொருளின் பழைய ஏ.எம்.ஐ. வகையில் மூன்று பீப் என்றால் நினைவகத்தில், அதாவது ரேமில், சிக்கல். வைத்தியம்? ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மறுபடி மாட்டுவது. நவீனத் தொழில்நுட்பம் ஒன்றாம் வகுப்புப் பையனின் ஜியோமெட்ரி பாக்ஸில் கையேந்தி நிற்கும் தருணம் அது.

அடுத்தது மறதி நோய். மதர்போர்டில் இருக்கும் 20 மி.மீ. விட்டமுள்ள சி.ஆர்.2032 பேட்டரி தீர்ந்துபோனால், கம்ப்யூட்டர் தேதியை மறந்து பல ஆண்டுகள் இளமைக்குத் திரும்பிவிடும். உரிமையாளருக்கு அந்த வசதி இல்லை.

எல்லாம் சரியாகி, ஒருவழியாகத் திரை ஒளிரும். அதில் ஒரு வரி: 'கீபோர்டு இல்லை. தொடர எஃப்1ஐ அழுத்தவும்.'