காலை எடுத்தாலும் விடாத பிரேக்கு

வாரும் மருமவனே, உக்காரும். முன்னால பேடு, பின்னால ஷூ, புது பிரேக் ஆயிலு, எல்லாத்தையும் ஒரே ஞாயித்துக்கெழமையில நீரே மாத்திட்டீராமே! போனுல வீடியோ ஓடிச்சாம், கையில ஸ்பேனர் ஓடிச்சாம். மெக்கானிக் கூலி மிச்சம்னு எம் மக தெருப்பூராவும் சொல்லி முடிச்சிட்டா. மிச்சந்தான், யாரு இல்லன்னா? ஆனா வீட்டு முன்னால இறக்கத்துல நியூட்ரல்ல விட்ட வண்டி, பந்தி முடிஞ்சும் பாயசத்துக்குக் காத்திருக்க சம்பந்தி மாதிரி எந்திரிக்காம உக்காந்திருக்கே, அது எந்தக் கணக்குல சேரும்?

2024 செப்டம்பர்ல நம்ம போர்ட் பிளேருக்கே பேரு மாறி ஸ்ரீவிஜயபுரம் ஆயிட்டுது. அதையே சனங்க தாங்கிக்கிட்டாங்க. உம்ம காரு ஒரு பேடு மாத்தினதத் தாங்கல பாரும்.

பெட்ரோல் ஜாஸ்தி குடிக்குதுன்னு பங்க்காரனத் திட்டாதேயும். கருகின வாடை அடுத்த வண்டியிலேருந்து வருதுன்னும் சொல்லாதேயும். நாளைக்கு இதே வண்டியில ரங்கத் கல்யாணத்துக்குக் கிளம்புதீரு, இல்லையா? ஜிர்காட்டாங் செக்போஸ்ட்ல காலை கான்வாய்ல சேந்தா மிடில் ஸ்ட்ரெயிட் படகுத்துறை வரைக்கும் ஐம்பது கிலோமீட்டர் சுமாருக்கு ஜரவா பழங்குடிங்களோட காடு. நடுவுல நிக்கக் கூடாது, முந்தக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது, நாப்பதுக்கு மேல ஓட்டக் கூடாது. அந்தக் காட்டுக்குள்ள போற ரோட்ட மூடுங்கன்னு 2002-லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிச்சு. கோர்ட்டால முடியாதத உம்ம முன்வீல் ஒண்ணு முடிச்சுக் காட்டிருமோன்னுதான் எனக்குப் பயம்.

சரி, வைத்தியத்துக்கு வருவோம். எந்த வீலு? அதையே பாக்காம மறுபடியும் நாலையும் கழட்ட உக்காந்திராதேயும். பிரேக்க ரொம்ப மிதிக்காம ரெண்டு கிலோமீட்டர் ஓட்டி, நிறுத்தி, ஒவ்வொரு வீல் மேலயும் நாலு சொட்டுத் தண்ணி தெளியும். சுர்ருனு சத்தம் போடுறவன்தான் குற்றவாளி. விரலால தொட்டுப் பாக்கப் போறீரா? தொடும், பொறவு கல்யாணத்துல மோர்க்குழம்ப இடதுகையாலதான் சாப்பிடணும்.

அப்புறம் மத்த வீலுக்குக் கல்லு குடுத்து, ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு வச்சு, கையால சுத்தும். டிஸ்க்ல பேடு லேசா உரசுற சத்தம் இருக்கத்தான் செய்யும். அரைச் சுத்துல நின்னா தப்பு.

இப்பதான் சூட்சுமம். ஹேண்ட் பிரேக்க விட்டுட்டு, பெடல ரெண்டு மிதி மிதிச்சு விடும். வீலு இறுகினதும் அந்த வீலோட ஏர் எடுக்கிற நிப்பிளக் கொஞ்சம் தளர்த்தும். ஆயிலு பீச்சிக்கிட்டு வந்து வீலு விட்டுக்குடுத்துச்சுன்னா, பிரஷர் உள்ள சிக்கிக்கிட்டுக் கெடந்துச்சுன்னு அர்த்தம். காலிப்பர் பாவம், அதுமேல பழி இல்ல. குத்தம் மேல, ஹோஸ்லயோ மாஸ்டர் சிலிண்டர்லயோ இருக்கு. நிப்பிளத் தெறந்தும் வீலு விடலன்னா காலிப்பர்லயே ஏதோ சிக்கியிருக்கு. இந்த ஒரு நிப்பிளு சொல்லுறத அந்த வீடியோக்காரன் சொன்னானா? சொல்லியிருப்பான், நீரு தள்ளி விட்டுட்டு விளம்பரத்தப் பாத்திருப்பீரு.

ஹோஸ்னு சொன்னதும் ஞாபகம் வருது. பேடு மாத்தும்போது காலிப்பரக் கம்பி போட்டுக் கட்டாம, ஹோஸ்லயே தூக்குல போட்ட மாதிரி தொங்க விட்டீரா? தலைய ஆட்டுதீரு. அப்படித் தொங்கினா ஹோஸுக்கு உள்ள ரப்பர் கிழிஞ்சு மடங்கிரும். மிதிக்கிறப்ப ஆயிலப் போக விடும், எடுக்கிறப்ப திரும்ப விடாது. வெளிய பாத்தா ஹோஸு மாப்பிள்ளை மாதிரி பளபளன்னு இருக்கும்.

ரெண்டு முன்வீலும் சேந்து இறுகினா, இல்ல காலையில நல்லாயிருந்து பத்து கிலோமீட்டர் போனப்புறம் இறுகினா, மாஸ்டர் சிலிண்டரப் பாரும். அதுக்குள்ள ஆயிலு தொட்டிக்குத் திரும்புறதுக்கு ஒரு ஊசித்துளை உண்டு. பெடலுக்குக் கொஞ்சம் கூட ஃப்ரீ பிளே இல்லாம, பெடல் கம்பி எந்நேரமும் சிலிண்டரச் சித்த தள்ளிக்கிட்டே நின்னா அந்தத் துளை மூடிக்கும். ஆயிலு சூட்டுல பெருத்தா போக வழி இல்ல, பிரேக்கத்தான் மேல மேல இறுக்கும். மாஸ்டர் சிலிண்டர் நட்டு ரெண்டையும் சித்த தளர்த்தி முன்னால இழுத்தா வீலு விடுதான்னு பாரும். விட்டுச்சுன்னா பெடல் பக்கந்தான் கோளாறு.

காலிப்பர்லதான் சிக்கல்னா நம்ம ஊரு உப்புக்காத்தயும் கூண்டுல ஏத்தணும். டிஸ்க் பிரேக்ல பிஸ்டனத் திரும்ப இழுக்க ஸ்பிரிங் கெடையாது. உள்ள ஒரு ரப்பர் வளையம் இருக்கு. பிஸ்டன் வெளிய வாறப்ப அது முறுக்கும், முறுக்கு விடுறப்ப பிஸ்டன மயிரிழை பின்னால இழுக்கும். அம்புட்டுதான். பழைய பேடு தேயத் தேய பிஸ்டன் வெளிய வந்து நிக்கும். தூசி உறை கிழிஞ்சிருந்தா அந்த வெளி பாகத்துல துரு ஏறும். புதுப் பேடு போட நீரு அத கிளாம்பு வச்சு, பல்லக் கடிச்சுக்கிட்டு உள்ள அமுக்கினீரு பாரும், துருவும் சேந்து வளையத்துக்குள்ள போயிருச்சு. பிஸ்டனக் கழட்டி, துரு பள்ளம் விழுந்திருந்தா மாத்தித்தான் ஆகணும்.

காலிப்பர் நகருற பின்னு ரெண்டுக்கும் என்ன கிரீஸு போட்டீரு? பேரிங் கிரீஸா? அள்ளியா? அதுல ரப்பர் ஊதிப் பின்னப் புடிச்சிக்கிரும். பிரேக்குக்குன்னே சிலிக்கான் கிரீஸு விக்குது. ரெண்டு பின்னும் ஒண்ணுபோல இருக்குன்னு எடம் மாத்திப் போட்டிருந்தா அதுவும் வம்புதான். பேடு பிராக்கெட்டுக்குள்ள விரலால தள்ளினாலே நகரணும். சுத்தியலால தட்டி ஏத்துனத எம் மகளே பாத்திருக்கா, மறைக்காதேயும். கிளிப்புக்கு அடியில இருக்க துருவ அரத்தால ராவி எடும்.

பின்னால டிரம்மா? அட்ஜஸ்டர இடது வலது மாத்தாம இருந்தா, ஸ்பிரிங்க சரியான துளையில மாட்டியிருந்தா, ஹேண்ட் பிரேக் கேபிளு துருப்பிடிக்காம இருந்தா அது பாட்டுக்குச் சுத்தும். மழைக்காலத்துல ராத்திரி ஹேண்ட் பிரேக்க இழுத்து வச்சுட்டுத் தூங்காதேயும், ஷூ டிரம்மோட ஒட்டிக்கும். கியர்ல போட்டு வீலுக்குக் கல்லு குடும்.

கடேசியா ஒண்ணே ஒண்ணு, உண்மையச் சொல்லணும். ஊத்துனது பிரேக் ஆயிலுதானா? ஷெட்டுல இருந்த வேற ஏதாச்சுமா? எஞ்சின் ஆயிலோ ஸ்டியரிங் ஆயிலோ போயிருந்தா உள்ள இருக்க ரப்பர் அத்தனையும் ஊதிரும், எல்லாத்தையும் மாத்தணும். சாமான் இங்க இல்லன்னா சென்னையிலேருந்து கப்பல்ல வர மூணு நாளு. மூடி தெறந்து கெடந்த பழைய டப்பாவா இருந்தாலும் வேண்டாம். டாட் 3 ஆயிலு புதுசுல 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரத்தக் குடிச்சுட்டா 140-லயே கொதிச்சிரும். இந்தத் தீவுல ஈரத்துக்கு என்ன பஞ்சம்?

இருட்டுறதுக்குள்ள நாலு வீலும் கையால சுத்தணும், பெடல் கெட்டியா நிக்கணும். இல்லன்னா சாவிய எங்கிட்டக் குடுத்துட்டு ஸ்டேட் டிரான்ஸ்போர்ட் பஸ்ல ஏறும். அதுவும் அதே கான்வாய்லதான் போவுது. எம் மகளுக்கு ஜன்னல் சீட்டாப் பாத்துப் புடியும்.