தெற்கே போனால் திருச்சி

யாழ்ப்பாணத்துப் பலாலி ஓடுபாதையிலிருந்து திருச்சி ஓடுபாதைக்கு ஆகாயவழி சுமார் 185 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து றோட்டால் அனுராதபுரம் போகிற அளவுதான். அதிலும் ஏறத்தாழப் பாதி கடல்.

1947 டிசம்பரில் எயார் சிலோன் தன் முதல் பறப்பையே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை (இதே பலாலிதான்) வழியாகச் சென்னைக்குத்தான் விட்டது. டகோட்டா விமானம். பிறகு திருச்சிக்கும் போனது. காலையில் போய்க் கூறைச் சேலை எடுத்து, இரவுப் படமும் பார்த்து, மறுநாள் மத்தியானச் சோற்றுக்கு வீட்டில் நின்றதாகப் பெரியப்பா சொல்வார். சொல்லச் சொல்லப் பறப்பு நேரம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியாகக் கேட்டபோது ஒரு சுருட்டு முடிய முன்னம் திருச்சி வந்துவிட்டது.

எங்கள் காலத்தில் பலாலி படைமுகாம். வடமேற்கே இருக்கிற திருச்சிக்குப் போக நாங்கள் தெற்கே புறப்பட்டோம். இரவு பஸ்ஸில் கொழும்புக்கு நானூறு கிலோமீற்றர் அளவு. வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ். பிறகு கட்டுநாயக்காவில் ஏறி, வந்த திசையிலேயே 420 கிலோமீற்றர் திரும்பவும் மேலே. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. மூக்கு வாசலிலேயே இருந்தது.

வழியில் ஒரு சோதனைச் சாவடி. அம்மா கொண்டுபோன பனங்கட்டிக் குட்டானைப் படைவீரர் ஒருவர் முகர்ந்தார், காதருகே வைத்துக் குலுக்கினார், ஓலையைப் பிரிக்கச் சொன்னார். அம்மா ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டுக் கடித்துக் காட்டினா. அவரும் ஒரு துண்டு எடுத்தார். நாட்டின் பாதுகாப்பு உறுதியானது, பஸ் புறப்பட்டது.

2019 ஒக்டோபர் 17இல் பலாலி சர்வதேச விமான நிலையமானது. அடுத்த மாதமே சென்னைப் பறப்பு. சில மாதத்தில் கொரோனா. 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கி, 2025 மார்ச் 30இல் திருச்சிக்கும் வழி பிறந்தது. ஓடுவது ஏடீஆர் விமானம், டகோட்டாவைவிட எவ்வளவோ வேகம். ஆனாலும் அட்டவணையில் ஒரு மணித்தியாலம் போடுகிறார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து, ஏறி, உடனே இறங்க ஆயத்தப்படுகிற தூரத்தில் முழுவேகத்துக்கு வேலை கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் தரையில்: விசா, மூன்று மணித்தியாலம் முந்தி வரச் சொல்லும் அறிவித்தல், குடிவரவு வரிசை, இறங்கிய இடத்தில் இன்னொரு வரிசை. பெரியப்பாவின் சுருட்டுக் கணக்கில் இனி ஒரு கட்டே வேணும்.

போகிறவர்கள் ஜன்னலோரம் கேட்டு எடுங்கள். கடல் முடிந்து கரை வருவது மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம் பக்கமாக. தேத்தண்ணியைப் பலாலியிலேயே குடித்துவிட்டு ஏறுங்கள். ஆறவைத்துக் குடிக்க மேலே நேரம் கிடையாது.