செய்முறைப் பெரியப்பா

தை பிறந்துவிட்டால் அவரை அவருடைய வீட்டில் காண இயலாது. கல்யாணம், காதணி விழா, பூப்புனித நீராட்டு, புதுமனைப் புகுவிழா என்று வந்து சேர்ந்த பத்திரிகைகளைத் தேதிவாரியாக அடுக்கி, ரப்பர் பட்டை போட்டு, மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு, காலை ஆறரை மணிக்கெல்லாம் உசிலம்பட்டி தேவர் சிலைப் பக்கம் வந்து நின்று, முதலில் மதுரை ரோட்டில் போவதா, பேரையூர் ரோட்டில் போவதா, வத்தலக்குண்டு ரோட்டில் போவதா என்று சாவகாசமாக யோசித்துக்கொண்டிருக்கிற அந்தப் பெரியப்பாவை உங்களுக்குத் தெரியாமல் இராது. உங்கள் வம்சத்தில் அவர் மாமாவாகவோ சீயானாகவோ இருக்கலாம், ஆனால் இருப்பார்.

செக்கானூரணியில் முகூர்த்தம், கருமாத்தூரில் காதுகுத்துக் கெடா விருந்து, எழுமலையில் கேதம் என்று மூன்றும் ஒரே நாளில் வந்து விழுந்தாலும் அவர் கலங்குவதில்லை. கேத வீட்டை மிதித்த காலோடு கல்யாண வீட்டை மிதிக்கலாகாது என்ற சாஸ்திரத்தை அனுசரித்து, மங்கலங்களை மதியத்துக்குள் முடித்துக்கொண்டு, துக்கத்தைச் சாயங்காலத்துக்கு ஒதுக்கி, இரவு வீடு திரும்பித் தலை முழுகிவிட்டு, மறுநாள் பத்திரிகையை எடுத்துப் பார்ப்பார். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாமையால் முகம் சற்று வாடியிருப்பது வாஸ்தவமே. எனினும், சாவுக்கு முகூர்த்தம் கிடையாதாகையால் அந்த மாதங்களும் அவருக்கு முற்றிலும் வியர்த்தமாவதில்லை.

அவர் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லும் அபிப்பிராயங்களையும், தாலி கட்டும் நேரத்தில் பொடி போடுவதையும், பத்திரிகையில் தம் பெயர் எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று எண்ணுவதையும் விட்டுவிடுகிறேன். அவை எல்லாப் பெரியப்பாக்களுக்கும் பொது. நான் சொல்ல வந்தது மொய் மேஜையைப் பற்றி.

உசிலம்பட்டிப் பக்கத்து மண்டபம் எதற்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். வாசலை ஒட்டி ஒரு மேஜை. அதன் பின்னால் எழுத்து அழகாக இருக்கிறது என்று பிடித்து உட்கார்த்திவைக்கப்பட்ட வாத்தியார் ஒருவர் எழுத, வீட்டுக்காரருக்கு நம்பிக்கையான பங்காளி ஒருவர் பணத்தை எண்ண, மூன்றாமவர் அதை வாங்கிப் பைக்குள் போட்டுப் பையை மடியில் வைத்துக் காப்பார். இந்த மூவருக்கும் பக்கத்தில், யாரும் போடாத ஒரு நாற்காலியைத் தாமே இழுத்துப் போட்டுக்கொண்டு, உத்தியோகம் ஏதுமில்லாத நான்காமவராக நம் பெரியப்பா வீற்றிருப்பார். எழுதுவதும் எண்ணுவதும் காப்பதும் பிறருடைய வேலை. வந்து விழுகிற ஒவ்வொரு தொகைக்கும் சரித்திரம் சொல்லுவது அவருடைய வேலை.

இளைஞன் ஒருவன் உறையை நீட்டுகிறான். ஊர் வாலாந்தூர் என்கிறான். தொகை 501 என்கிறான். வாத்தியார் பேனாவை ஊன்றுவதற்குள் பெரியப்பா நிமிர்ந்துவிடுகிறார்.

"யாரு, வாலாந்தூரு லாரிக்காரக வீடா? அட, ஒங்க அப்பனப் பிடிச்சு உரிச்சு வச்ச மாதிரி இருக்கியேப்பா! ஒந்தங்கச்சி சடங்குக்கு இந்த வீட்டுக்காரன் ஆயிரத்தி ஒண்ணு செஞ்சான், தொண்ணூத்தி எட்டுல. எனக்கு நல்லா நெனப்பிருக்கு, நாந்தேன் பக்கத்துல இருந்தேன். அன்னைக்கு ஆயிரம்னா இன்னைக்கு என்னாச்சு, நீயே சொல்லு. சரி, சரி, வாத்தியாரே, எழுதுங்க. நான் ஒண்ணும் சொல்லலப்பா."

"ஒன்றும் சொல்லவில்லை" என்று அவர் சொன்ன பிறகு, வரிசையில் பின்னால் நின்ற பதினைந்து பேருக்கும் எல்லாம் தெரிந்துவிடுகிறது. இளைஞன் காது சிவக்கச் சட்டைப் பையைத் தடவி மேலும் ஒரு 500 ரூபாயை எடுத்து வைக்கிறான். பின்னால் நிற்பவர்கள் உறைகளைப் பிரித்து, தாங்கள் கொண்டுவந்தது போதுமா என்று மறுபரிசீலனை செய்கிறார்கள். இரண்டொருவர், சாப்பிட்டுவிட்டு வந்து எழுதிக்கொள்ளலாம் என்று பந்திப் பக்கம் நழுவுகிறார்கள். அவர்களுடைய முகங்களையும் அவர் குறித்துக்கொள்ளுகிறார். மொய்யை ஒலிபெருக்கியில் அறிவிக்கிற வீடாக இருந்துவிட்டால், மைக் அவர் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டுமென்று குலதெய்வத்தை வேண்டிக்கொள்ளுவதைத் தவிர வேறு வழியில்லை.

இத்தனைக்கும் ஆதாரம் அவர் வீட்டு மரப்பெட்டியில் இருக்கிறது. தகப்பனார் காலத்து நீள நோட்டுகள், காலிகோ முதுகு கிழிந்து, பூச்சி அரித்து, கற்பூர வாசனையோடு அடுக்கியிருக்கின்றன. 1957 ஏப்ரலில் நயா பைசா வருவதற்கு முந்திய பக்கங்களில் தொகைகள் ரூபாய், அணா, பைசாவாகக் காணப்படும். சில வரிகளில் பணமே இல்லாமல் தேங்காயும் அரிசியும் வெண்கலப் பானையும் வரவாகியிருக்கும். 2 ரூபாய் 4 அணா செய்த வீட்டுக்கு இன்று என்ன திருப்பிச் செய்வது நியாயம் என்று கேட்டால், பெரியப்பா அன்றைய பவுன் விலையையும் இன்றைய பவுன் விலையையும் ஒப்பிட்டு, விரல்விட்டு எண்ணி, ரிசர்வ் வங்கிக்காரர்களும் வியக்கும்படியான ஒரு தொகையைக் கூறுவார். செய்முறைக்கு வட்டி கிடையாது என்பது அவருடைய சித்தாந்தம். ஆனால், செய்ததற்குமேல் கூட்டிச் செய்ய வேண்டும் என்பதும் அவருடைய சித்தாந்தமே. இவ்விரண்டுக்கும் முரண்பாடு இருப்பதாக அவரிடம் வாதிட்டு வென்றவர் எவருமில்லை.

தேச சரித்திரத்தையும் அவர் இந்த நோட்டைக் கொண்டே அளக்கிறார். வைகை அணை திறக்கப்பட்ட 1959 அவருக்கு எங்கள் பெரிய அத்தையின் கல்யாண வருஷம். மதுரையிலிருந்து உசிலம்பட்டி வழியாகப் போடிக்குப் போய்க்கொண்டிருந்த மீட்டர் கேஜ் ரயில் 2010-ன் கடைசியில் நின்றுபோனதை, "சின்னவன் மகளுக்குக் காது குத்துறதுக்கு முந்துன மாசம்" என்பார். அகலப் பாதையில் ரயில் மறுபடி தேனி வரையில் ஓடத் தொடங்கிய 2022 மே மாதம் என்றால் அவருக்கு விளங்காது, "நக்கலப்பட்டி கிரகப்பிரவேசம்" என்றால் உடனே விளங்கும்.

'சின்னக் கவுண்டர்' படத்தில் மொய் விருந்து காட்சி வருமே, பார்த்தவர்களெல்லாம் கண் கலங்கிய காட்சி, அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு அவர் கொண்ட கோபத்தை நான் மறக்க முடியாது. வந்தவர்கள் சாப்பிட்டு முடித்து இலைக்கடியில் பணத்தை வைத்துவிட்டு எழுந்து போகிறார்கள். "எந்த எலைக்கடியில எவன் வச்சான்னு எவனுக்குய்யா தெரியும்? ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆளில்லையா அந்த ஊர்ல? திருப்பிச் செய்யிறப்ப அந்தப் புள்ள என்னா பண்ணும்?" என்று அவர் துடித்த துடிப்பில், கதாநாயகியின் கஷ்டம் எங்களுக்கு மறந்தே போய்விட்டது.

2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதென்று அறிவிக்கப்பட்டபோது நாடே பணத்துக்கு அலைந்தது. பெரியப்பா ஒரு தர்மசங்கடத்துக்கு விடை தேடி அலைந்தார். அந்த ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களில், வீட்டில் தேங்கியிருந்த பழைய நோட்டுகளையெல்லாம் ஜனங்கள் மிகுந்த தாராளத்தோடு மொய்யாக எழுதிவிட்டுப் போனார்கள். செல்லாத நோட்டில் செய்தவனுக்குச் செல்லுகிற நோட்டில் திருப்பிச் செய்ய வேண்டுமா என்பதே கேள்வி. டிசம்பர் 30 வரையில் வங்கியில் கட்டலாம் என்று சர்க்கார் சொல்லியிருந்தபடியால் தொகை முழுவதையும் வரவு வைக்கலாமென்றும், ஆனால் வங்கி வாசலில் வரிசையில் நின்ற கால்வலிக்காகக் "கூட்டிச் செய்வதை" மட்டும் தள்ளிக்கொள்ளலாமென்றும் அவர் அளித்த தீர்ப்பை வட்டாரம் இன்றளவும் அனுசரித்து வருகிறது.

2020-ல் கல்யாணத்துக்கு 50 பேர், சாவுக்கு 20 பேர் என்று உத்தரவு வந்த மாதங்களில் அவர் பட்ட வேதனையை விஸ்தரிக்க மனம் வரவில்லை. இப்போது மொய் மேஜைக்குக் கணினி வந்துவிட்டது. பணம் கட்டியவுடன் பெயரும் ஊரும் தொகையும் அச்சிட்ட ரசீது கையில் வருகிறது. கைப்பேசியை நீட்டி வருடிவிட்டுப் போக ஒரு கறுப்புக் கட்டச் சீட்டும் ஒட்டியிருக்கிறார்கள். பெரியப்பாவின் ராஜ்யம் முடிந்தது என்று நாங்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டது அவசரம். நாற்காலியைக் கணினிக்குப் பக்கத்தில் நகர்த்திக்கொண்டார், அவ்வளவுதான். ஒரே ஊரில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால் யந்திரம் விழிக்கிறது, அவர் விழிப்பதில்லை. "இது மேலத்தெருக்காரன், இது சோடாக்கம்பெனிக்காரன், இது பொண்டாட்டி ஊர்ல குடியிருக்கவன்" என்று பிரித்துக் கொடுக்கிறார். பெட்டியை இயக்குகிற பையன்கள் அவருக்குக் காபி வாங்கித் தருவதை நானே பார்த்தேன்.

இவ்வளவு எழுதிய பிறகு ஒன்றை மறைப்பது தர்மமன்று. ஒரு வீட்டில் உயிர் பிரிந்துவிட்டால், அழுது ஓய்ந்தவர்கள் முதலில் தேடுகிற ஆளும் அவரே. யார் யாருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும், எந்த வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னால் போதும், எந்த வீட்டுக்கு ஆள் நேரில் போகாவிட்டால் ஆயுசுக்கும் கோபம், பிறந்த வீட்டுக் கோடி எந்த ஊரிலிருந்து வர வேண்டும், அது வந்து சேருமுன் எடுக்கலாமா, நீர்மாலைக்கு யார் யார் போவது என்பவையெல்லாம் ஒரு காகிதத்தையும் பாராமல் அவர் வாயிலிருந்து வரும். பங்காளிகள் இருவர் வரப்புத் தகராறில் வருஷக்கணக்காக முகம் பார்க்காமல் இருந்தார்கள். ஒருவருடைய தாயார் காலமானபோது மற்றவர் தெருமுனையிலேயே நின்றார். பெரியப்பா நோட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போய், இத்தனை வருஷமும் இந்த வீட்டு விசேஷங்களுக்கு அவரும், அவர் வீட்டு விசேஷங்களுக்கு இவரும் மூன்றாவது ஆள் மூலம் தவறாமல் எழுதிவந்த மொய்களைப் பக்கம் பக்கமாகக் காட்டினார். "பேச்சுத்தானேப்பா நின்னுச்சு? மொறை நிக்கலையே! ஏறு, உள்ள ஏறு" என்று தோளைத் தள்ளினார். அந்த மனிதர் உள்ளே போய்ப் பிணத்தின் காலடியில் விழுந்து அழுதார். வக்கீலும் பஞ்சாயத்தும் செய்ய முடியாததை அந்தப் பூச்சி அரித்த நோட்டுச் செய்தது.

அதே நோட்டை அவர் கருமாதி வீட்டிலும் பிரித்தபோதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. புருஷனை இழந்து பதினாறு நாள் ஆன ஒரு பெண்ணிடம், திண்ணையில் நாலு பேர் கேட்க, இன்னின்ன வீட்டுக்கு இந்தக் குடும்பம் செய்ய வேண்டிய பாக்கி இவ்வளவு, வருகிற வைகாசியில் மூன்று தேவைகள் இருக்கின்றன என்று அவர் வாசித்தார். அவள் ஒன்றும் பேசவில்லை. காதுத் தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அந்தத் தோடு மறுவாரம் அடகுக் கடைக்குப் போயிற்று. பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற ஒரு தம்பி, அக்காள் மகள் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீரை மூன்று வண்டிகளில், கொட்டு முழங்க, கெடாயும் வாழைத்தாரும் பழத்தட்டுமாகக் கொண்டுவந்தான். அந்த வண்டிகளுக்குப் பின்னால் வட்டிக்காரன் வருகிறான் என்பது பெரியப்பாவின் நோட்டில் பதிவாகாது. கந்துவட்டியைத் தடுக்க 2003-ல் சட்டம் வந்தது. அந்தக் கடனை வாங்கச் சொல்லி மைக்கில் கேட்கிறவரைத் தடுக்க ஒரு சட்டமும் இல்லை. பெண் பிறந்தால் காதுகுத்து, சடங்கு, கல்யாணம், பிள்ளைப்பேறு என்று வரிசையாக வந்து நிற்கிற செலவுக்கு அஞ்சி நடந்த கொடுமைகளால் 1980-களில் இந்த வட்டாரத்தின் பெயர் நாட்டுப் பத்திரிகைகளில் என்ன பாடு பட்டது என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தும், சீர் குறைந்த வீட்டைச் சொல்லிக்காட்டுகிறார்.

இதை அவரிடமே சொன்னேன். கோபிக்கவில்லை. பொடி மட்டையைத் தட்டிக்கொண்டு, "மொறைய விட்டா சொந்தம் விட்டுப்போகும்டா. யாரு எவருன்னே தெரியாமப் போயிரும்" என்றார். அது பாதி உண்மை. மீதிப் பாதியை அந்தத் தோட்டுக்காரியிடம் கேட்க வேண்டும்.

வருகிற ஆவணியில் எங்கள் வீட்டிலும் ஒரு காதணி விழா. மொய் வேண்டாம் என்று பத்திரிகையில் அச்சிடலாம் என்றேன். அப்படி அச்சிட்ட பத்திரிகையைத் தாம் தொட மாட்டேன் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். ஆகவே மேஜை இருக்கும், கணினி இருக்கும், அவரும் இருப்பார். வருகிற அன்பர்கள் தயவுசெய்து தகப்பனார் பெயரையும் ஊர்ப்பெயரையும் உறையின்மேல் தெளிவாக எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதாவிட்டால் அவர் கேட்பார். இந்த முறை மைக் மேஜையின்மேலேயே இருக்கப்போகிறது.