தோசைக்கரண்டியும் ஒட்டுப்பாலும்

கிளேபாங், மலாக்கா.

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே நான் நலம். என் அறைச் சுவர்தான் நலமில்லை. "ஒரு சுவருக்குப் பட்டி பார்க்க நாலு நாளா?" என்று உன்னைக் கேலி பேசினேனே, அதே வாயால் மன்னிப்புக் கேட்கிறேன். இதை உன் தங்கச்சியிடம் காட்டாதே.

நாங்கள் மூன்று சமையல்காரர்கள் படுக்கிற அறையில் சுவர் முழுக்கப் பழைய பிளைவுட் பலகை. கடல்காற்றும் கரையானும் சேர்ந்து அதை அப்பளமாக்கிவிட்டன. "நீங்களே கழட்டிடுங்க தம்பி, இந்த மாச வாடகையில பாதி கழிச்சுக்கலாம்" என்றார் வீட்டுக்கார ஐயா. பாதி வாடகை என்றதும் கை தானாகச் சுத்தியலைத் தேடியது. பலகை அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. பின்னால் பார்த்தால், எவனோ புண்ணியவான் ரப்பர் பசையை முறுக்குப் பிழிகிற மாதிரி சுவர் நெடுகப் பிழிந்து வைத்திருக்கிறான். முறுக்கென்றால் உடையும்.

உளியால் தட்டினேன். பசை அசையவில்லை; சிமெண்டுப் பூச்சுதான் கையகலம் பெயர்ந்து காலில் விழுந்தது. தின்னர் போட்டுத் துடைத்தேன். பசை கொஞ்சம் இளகியது, என் தலை அதைவிட இளகியது. சன்னலைத் திறந்துவிட்டுக் கடற்கரைக்கு ஓடி ஒரு தேங்காய் ஷேக் குடித்தேன். (இளநீரையும் வழுக்கையையும் அடித்து மேலே ஐஸ்கிரீம். கிளேபாங்குக்கே இதனால்தான் பேர்.) அங்கே ஒரு பழைய பிரெஞ்சு நீர்மூழ்கிக் கப்பலைத் தரையேற்றி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அதுவே கரையில் நிற்கும்போது, பட்டுக்கோட்டைச் சமையல்காரன் சுவர் சுரண்டினால் என்ன என்று தேறித் திரும்பினேன்.

வழி சொன்னது பக்கத்து வீட்டுப் பாட்டி. ஜாசின் பக்க ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினவர். வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்னா தம்பி, ஒட்டுப்பால் உரிச்சதில்லையா? அடிச்சா வராது லா. ஒரு முனையைத் தூக்கி மெதுவா இழு" என்றார். வெட்டின பட்டையில் முதல்நாள் பால் காய்ந்து ஒட்டியிருக்குமாம். விடிகாலையில் அதை நாராக உருவிவிட்டுத்தான் புது வெட்டாம். பேத்தி முடி காயவைக்கிற மிஷினையும் கொடுத்தார். தின்னர் பூசின பக்கம் மட்டும் சூடு காட்டாதே, வீடு பற்றிக்கொள்ளும் என்று ஒரு அதட்டல் வேறு.

ஒரு சாண் இடத்தில் சூடு காட்டவேண்டும். பசை பளபளவென்று வியர்க்கும். உடனே கடையில் ஓய்வுபெற்ற தோசைக்கரண்டியைச் சாய்த்து நுழைத்து, முனையைக் கிளப்பி இழுத்தால், மச்சான், முழ நீளத்துக்கு வருகிறது! நடுவில் யாராவது "பசியாறியாச்சா?" என்று கேட்டுப் பதில் சொன்னால் போச்சு, ஆறி மறுபடி கல். எந்தத் தோசையையும் இவ்வளவு பயபக்தியோடு நான் திருப்பியதில்லை.

டான் சே யான் என்கிற சீனர் 1896-இல், மலாயாவிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்கென்று ரப்பர் நட்டது இந்த மலாக்காவில்தான். நம் ஆட்கள் கப்பலேறி வந்து மரத்தைச் சுரண்டினார்கள். நான் விமானமேறி வந்து சுவரைச் சுரண்டுகிறேன்.

மூன்று நாளில் முடித்து வெள்ளையும் அடித்தேன். மறுநாளே முறுக்குத் தடம் பழுப்பாக மேலே வந்து நிற்கிறது. முதலில் எண்ணெய் பிரைமர் அடித்திருக்க வேண்டுமோ? உடனே எழுது. அதுவரை பெரிய கறைமேல் காலண்டர் மாட்டியிருக்கிறேன். வீடியோவில் பேசும்போது அதற்கு முன்னாலேயே உட்கார்ந்திருப்பேன். உன் தங்கச்சி நகரச் சொன்னால் நீ பேச்சை மாற்று.

உன் மச்சான்